போகாதவர்களுக்கு மன்னிப்பு, ஓடியவர்களுக்கு விண்ணப்பப் படிவம்: வியட்நாம் போரும் ஒரு பொதுமன்னிப்பும்

இன்னைக்கு எபிசோடில் ஒரே ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு ஐம்பது வருஷம் பின்னாடி போகப் போறோம். வார்த்தை: பொதுமன்னிப்பு.

நமக்கு இது பழகின வார்த்தைதான். அண்ணா பிறந்தநாளை ஒட்டி ஆயுள் கைதிகளை முன்கூட்டியே விடுதலை செய்தால் பேப்பரில் இந்த வார்த்தை வரும். விசா முடிந்தும் தங்கியிருப்பவர்கள் அபராதம் கட்டாமல் ஊர் திரும்பலாம் என்று அமீரக அரசு அறிவித்தால், அதுவும் பொதுமன்னிப்பு. இலங்கையில் ராணுவத்தை விட்டு ஓடியவர்கள் இந்தத் தேதிக்குள் வந்தால் சட்டப்படி விலகிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வரும். 2024 ஏப்ரல், மே மாதங்களிலும் வந்தது. அதற்கும் பெயர் பொதுமன்னிப்புக் காலம்.

ஆங்கிலத்தில் இந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டு வார்த்தை இருக்கு. ஒன்று ஆம்னெஸ்டி. இன்னொன்று பார்டன். ஆம்னெஸ்டி என்பது கிரேக்க மொழியில் மறதியைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. ஞாபகம் போய்விடுவதை அம்னீசியா என்கிறோமே, அதே வேர். அரசாங்கம் நடந்ததை மறந்துவிடுகிறது, கணக்கையே அழித்துவிடுகிறது. பார்டன் அப்படி இல்லை. நீ செய்தது ஏட்டில் அப்படியே இருக்கும், தண்டனை மட்டும் கிடையாது. 1915-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பர்டிக் வழக்கில் ஒரு படி மேலே போனது. பார்டனை ஏற்றுக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி என்றது.

இதெல்லாம் வக்கீல்கள் சண்டை என்று தோணலாம். ஆனா, வியட்நாம் போர் முடிந்த சமயத்தில் லட்சக்கணக்கான அமெரிக்க இளைஞர்களுக்கு ஊர் திரும்ப முடியுமா, வேலை கிடைக்குமா, அம்மாவைப் பார்க்க முடியுமா என்பது இந்த ரெண்டு வார்த்தைக்கு நடுவில்தான் தொங்கிக்கிட்டு இருந்தது. அதில் ஒரு கூட்டம் தப்பித்தது. இன்னொரு கூட்டம் மாட்டிக்கொண்டது. ஏன் என்பதுதான் இன்றைய கதை.

டிராஃப்ட் என்றால் என்ன?

இந்தியாவில் ராணுவத்தில் சேருவது நம்ம விருப்பம். கட்டாய ராணுவ சேவை இல்லை. அதனால் டிராஃப்ட் என்றால் நமக்கு ஈமெயில் டிராஃப்ட்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் 18 வயது ஆன ஒவ்வொரு ஆணும் 'செலக்டிவ் சர்வீஸ்' அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஊருக்கு ஊர் ஒரு உள்ளூர் வாரியம் இருக்கும். அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் உட்கார்ந்து, யார் போகணும், யார் போக வேண்டாம் என்று பிரிப்பார்கள். 1-ஏ வந்தால் எந்த நேரமும் அழைப்பு வரலாம். 4-எஃப் வந்தால் உடல்தகுதி இல்லை. 2-எஸ் என்றால் காலேஜ் மாணவர், இப்போதைக்குத் தொந்தரவு இல்லை.

அந்த 2-எஸ் என்பதைக் கொஞ்சம் கவனிங்க. நான் இன்ஜினியரிங் முடித்தவன். அதே கணக்கை எனக்குப் போட்டுப் பார்த்தேன். 1963 வாக்கில் அங்கே எனக்கு 18 வயது என்று வையுங்கள். காலேஜ் நாலு வருஷமும் 2-எஸ் என்னைக் காப்பாற்றும். அதற்குப் பிறகு ராணுவத்துக்குத் தேவையான பொருள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியராகச் சேர்ந்தால், 'இவர் வேலை நாட்டுக்கு அவசியம்' என்று தொழில் சார்ந்த விலக்கு கேட்கலாம். 26 வயது தாண்டிவிட்டால் அழைப்பு வருவது அபூர்வம். அதாவது ஒரு சட்டத்தையும் மீறாமல், ஒரு ஊர்வலத்துக்கும் போகாமல், ஒரு நாட்டுக்கும் ஓடாமல், என் டிகிரியே என்னைப் போரில் இருந்து விலக்கி வைத்திருக்கும்.

டிகிரி இல்லாத பையனுக்கு? 1966 அக்டோபரில் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா 'ப்ராஜெக்ட் 100,000' என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். ராணுவ நுழைவுத் தேர்வில் தோற்றுப்போகும் அளவுக்கு மதிப்பெண் எடுத்தவர்களையும் தரத்தைத் தளர்த்திச் சேர்த்துக்கொள்வது. ஏழைப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து முன்னேற்றுவோம் என்று சொன்னார்கள். சுமார் மூன்றரை லட்சம் பேர் அப்படி உள்ளே வந்தார்கள். நிறைய பேர் நேராகக் காலாட்படைக்குப் போனார்கள்.

மொத்தக் கணக்கு இது. போர் நடந்த வருஷங்களில் டிராஃப்ட் வயதைத் தொட்ட ஆண்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர். அதில் டிராஃப்ட் மூலம் எடுக்கப்பட்டவர்கள் சுமார் 22 லட்சம். மீதிப் பேரில் பெரும்பாலானோர் சட்டப்படியே வெளியே நின்றார்கள்.

ஜனவரியை முதலில் கொட்டினால்

இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கூச்சல் பெரிதானதும், 'சரி, குலுக்கல் போட்டுடலாம்' என்றார்கள். 1969 டிசம்பர் 1-ம் தேதி, டிவியில் நேரடி ஒளிபரப்பு. வருஷத்தின் 366 தேதிகளையும் சீட்டில் எழுதி, நீல நிற பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்து, ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டார்கள். முதலில் வந்த தேதி செப்டம்பர் 14. 1944-ல் இருந்து 1950 வரை அந்தத் தேதியில் பிறந்த ஆண்களுக்கு நம்பர் 1. அந்தக் குலுக்கலில் 195-ம் நம்பர் வரை அழைத்தார்கள்.

இங்கே கோட் எழுதுகிற யாருக்கும் ஒரு விஷயம் உறுத்தும். குப்பிகளை மாதவாரியாகப் பெட்டியில் போட்டார்கள். ஜனவரி முதலில், டிசம்பர் கடைசியில். நன்றாகக் கலக்கவில்லை. ஷஃபிள் சரியாக நடக்காவிட்டால் உள்ளே போன வரிசையின் வாடை வெளியே வரும் வரிசையிலும் அடிக்கும், இல்லையா? அதேதான் நடந்தது. டிசம்பரின் 31 தேதிகளில் 26 தேதிகள் அந்த 195-க்குள் வந்துவிட்டன. புள்ளியியல் தெரிந்தவர்கள் கிழித்துத் தொங்கவிட்டதும், 1970 குலுக்கலுக்கு முறையை மாற்றினார்கள். தேதிகளுக்கு ஒரு டிரம், நம்பர்களுக்கு ஒரு டிரம். ஆனா, டிசம்பர் பையன்களுக்கு வந்த அழைப்பு வந்ததுதான். நம்ம வேலையில் இப்படி ஒரு பக் வந்தால் ராத்திரி உட்கார்ந்து ஒரு பேட்ச் போடுவோம். அங்கே அந்த பக் ஆட்களை வியட்நாமுக்கு அனுப்பியது.

ரெண்டு விதமாகத் தப்பித்தவர்கள்

போருக்குப் போகாமல் சட்டத்தை மீறியவர்கள் ரெண்டு வகை. இந்த எபிசோடின் மொத்தப் பாரமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கு.

முதல் வகை, டிராஃப்டையே மறுத்தவர்கள். சீருடையே போடாதவர்கள். சிலர் பதிவே செய்யவில்லை. சிலர் அழைப்பு வந்ததும் கனடாவுக்குப் போனார்கள். சிலர் நேருக்கு நேர் நின்று மறுத்தார்கள். முகமது அலி 1967 ஏப்ரல் 28-ம் தேதி ஹூஸ்டனில் பெயர் கூப்பிட்டபோது முன்னால் வரவில்லை. ஐந்து வருஷ சிறைத் தண்டனை, 10,000 டாலர் அபராதம், சாம்பியன் பட்டம் போச்சு. அப்பீலில் வெளியே இருந்து போராடி, 1971 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். அவருக்கு எந்த மன்னிப்பும் தேவைப்படவில்லை.

ரெண்டாவது வகை, சீருடை போட்ட பிறகு ஓடியவர்கள். டெசர்ட்டர். 30 நாளுக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் ராணுவம் இந்த முத்திரையைக் குத்தும். 1971-ல் அமெரிக்கத் தரைப்படையில் ஆயிரத்துக்கு 73 பேர் என்ற அளவில் இது நடந்தது.

சினிமா பார்த்துப் பழகிய நமக்கு, டெசர்ட்டர் என்றால் குண்டு சத்தம் கேட்டுத் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் என்றுதான் தோணும். உண்மையில் பெரும்பாலானோர் போர்க்களத்தில் இருந்து ஓடவில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே, முகாமில் இருந்தோ லீவில் போன இடத்தில் இருந்தோ காணாமல் போனவர்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, மனைவி தனியாகக் குழந்தையோடு கஷ்டப்படுகிறாள், சம்பளம் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை, இப்படிப்பட்ட காரணங்கள். வியட்நாமில் ஒரு முழுச் சுற்று முடித்துவிட்டு, திரும்பி வந்த பிறகு முகாம் வாழ்க்கை தாங்காமல் போனவர்களும் அதில் உண்டு.

டிராஃப்டை மறுத்தவர்களில் காலேஜ் படித்தவர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள் அதிகம். கனடாவுக்கு எப்படிக் குடியேறுவது என்று மார்க் சாட்டின் 1968-ல் ஒரு கையேடே போட்டார். பிரமாதமாக விற்றது. படித்தவனுக்கு அந்தப் படிவம் புரியும். கனடாவின் குடியேற்ற மதிப்பெண் முறையிலும் படிப்புக்கு மார்க் உண்டு. டெசர்ட்டர்களில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், கறுப்பினத்தவர்கள் அதிகம். அவர்களும் கனடாவுக்குப் போனார்கள். 1969 மே மாதம் கனடா அமைச்சர் ஆலன் மெக்கீச்சன், எல்லையில் யாருடைய ராணுவ நிலையையும் கேட்க மாட்டோம் என்று அறிவித்த பிறகு அவர்களுக்கும் கொஞ்சம் சுலபமானது.

சட்டமும் ரெண்டு வகையையும் வேறுவேறாகத்தான் நடத்தியது. டிராஃப்ட் சட்டத்தை மீறியவர்கள் சுமார் 5 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதில் அரசு வக்கீல்கள் வரை போன பெயர்கள் 2 லட்சத்துக்கும் மேல். குற்றப்பத்திரிகை வாங்கியவர்கள் சுமார் 25,000. தண்டனை பெற்றவர்கள் 9,000-க்கும் குறைவு. சிறைக்குப் போனவர்கள் சுமார் 3,250. ஒவ்வொரு படியிலும் வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நூற்றுக்கு ஒருவர்கூட உள்ளே போகவில்லை. டெசர்ட்டர்களுக்கோ பெரும்பாலும் கோர்ட்டே கிடையாது. ஒரு பேப்பரில் 'விரும்பத்தகாதவர்' என்று எழுதிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு நல்ல வேலை கிடைக்காது. படிப்பு உதவி கிடையாது. ராணுவ ஆஸ்பத்திரிச் சலுகையும் பெரும்பாலும் கிடையாது.

போர் நடக்கும்போது மன்னிப்பு, முடிந்த பிறகு மன்னிப்பு

கொஞ்சம் பின்னால் போவோம். 1863 மார்ச்சில், உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, ஆபிரகாம் லிங்கன் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். ஓடிப்போன வீரர்கள் ஏப்ரல் 1-க்குள் படைக்குத் திரும்பினால் தண்டனை இல்லை, காணாமல் போன நாட்களுக்குச் சம்பளம் மட்டும் கிடையாது. லிங்கன் இரக்கமுள்ளவர். பயந்து ஓடிய பையன்களின் மரண தண்டனைகளை நிறுத்தி வைத்தவர். ஆனா, இந்த அறிவிப்பின் நோக்கம் ரொம்பத் தெளிவு. அவருக்கு ஆள் தேவை.

போர் நடக்கும்போது வருகிற பொதுமன்னிப்பு ஒரு வகையில் ஆள்சேர்ப்புதான். 2018 அக்டோபரில் சிரியாவின் பஷார் அல்-அசாத், ராணுவத்தை விட்டு ஓடியவர்களுக்கு உள்நாட்டில் இருந்தால் நாலு மாதம், வெளிநாட்டில் இருந்தால் ஆறு மாதம் கெடு கொடுத்து மன்னிப்பு அறிவித்தார். ஓடிய குற்றத்துக்குத்தான் மன்னிப்பு. ராணுவ சேவையில் இருந்து விலக்கு இல்லை, திரும்பி வந்தால் சீருடை மாட்ட வேண்டும். அகதிகளில் பலர் அதை நம்பவில்லை. 2024-ல் உக்ரைனும் முதல் முறை ஓடியவர்கள் திரும்பி வந்து படையில் சேர்ந்தால் வழக்கு இல்லை என்று சட்டம் போட்டது.

போர் முடிந்த பிறகு வருகிற மன்னிப்பு வேறு ரகம். அப்போது அரசுக்கு ஆள் தேவையில்லை. அது மன்னிக்காமல் இருந்தாலும் நஷ்டம் இல்லை. அதனால்தான் அங்கே கருமித்தனம் எட்டிப் பார்க்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாரி ட்ரூமன் ஒரு குழு போட்டு டிராஃப்ட் வழக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். 15,805 வழக்குகள். 1947 டிசம்பர் 23-ம் தேதி மன்னிப்பு கிடைத்தது 1,523 பேருக்கு. பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஃபோர்டின் மூன்று கதவுகள்

இப்போ 1974-க்கு வருவோம். ஆகஸ்ட் 9-ம் தேதி நிக்சன் ராஜினாமா செய்கிறார். ஜெரால்ட் ஃபோர்டு அதிபர் ஆகிறார். பத்தே நாள் கழித்து, சிகாகோவில் முன்னாள் ராணுவ வீரர்கள் மாநாடு. டிராஃப்டை மறுத்தவர்களை அடியோடு வெறுக்கும் கூட்டம். அங்கே போய் நின்று, நான் இந்த இளைஞர்கள் விஷயத்தில் இரக்கம் காட்டப் போகிறேன் என்று சொன்னார். அதற்குத் தைரியம் வேண்டும். ஃபோர்டும் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர்.

செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஃபோர்டு நிக்சனுக்கு முழு மன்னிப்பு கொடுத்தார். எந்த நிபந்தனையும் இல்லை. விசாரணைகூட நடக்கவில்லை. பர்டிக் தீர்ப்பின் அந்தப் பகுதியைத்தான் ஃபோர்டு பின்னாளில் பர்ஸில் வைத்துச் சுற்றினார். நிக்சன் பார்டனை ஏற்றுக்கொண்டதே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் என்று சொல்வதற்கு.

செப்டம்பர் 16. எட்டு நாள் கழித்து, இளைஞர்களுக்கான திட்டம் வந்தது. முழு மன்னிப்பு கிடையாது, உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். 24 மாதம் வரை ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் பொதுச் சேவை. நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று மறுபடி உறுதிமொழி. விண்ணப்பிக்க மூன்று கதவுகள். வழக்கு முடியாத டிராஃப்ட் மறுப்பாளர்கள் நீதித் துறைக்குப் போகணும். இன்னும் பிடிபடாத டெசர்ட்டர்கள் பாதுகாப்புத் துறைக்கு. ஏற்கெனவே தண்டனை பெற்றவர்கள், அந்தக் கெட்ட பேப்பரோடு வெளியே வந்தவர்கள் புதிதாக அமைத்த கருணை வாரியத்துக்கு. அதன் தலைவர் போரை எதிர்த்த முன்னாள் செனட்டர் சார்லஸ் குடெல்.

இந்த ரெண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. நாட்டின் அதிபருக்கு நிபந்தனை இல்லாத மன்னிப்பு. லீவு கிடைக்காமல் அம்மாவைப் பார்க்க ஓடிய பையனுக்கு ரெண்டு வருஷம் வரை வேலை. டொரண்டோவில் இருந்தவர்கள் கூட்டம் போட்டு இந்தத் திட்டத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். தப்பு செய்யவில்லை என்பவன் எதற்கு விசுவாச உறுதிமொழி எடுக்கணும் என்பது அவர்கள் கேள்வி. முன்னாள் வீரர்கள் சங்கங்களும் எதிர்த்தன, வேறு காரணத்துக்காக.

கெடு 1975 ஜனவரி 31. ஆள் வரவில்லை. ரெண்டு முறை நீட்டி மார்ச் கடைசி வரை போனது. தகுதி உள்ளவர்கள் சுமார் 1,13,000 பேர் என்று கணக்கு. வந்தவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. டெசர்ட்டர்கள் கதவில் ஒரு வேடிக்கையும் நடந்தது. இந்தியானாவில் ஒரு ராணுவத் தளத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டால் அங்கேயே 'விரும்பத்தகாதவர்' சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு அவர் மேல் ராணுவத்துக்கு அதிகாரம் இல்லை. அப்புறம் அந்தப் பொதுச் சேவையைச் செய்யாவிட்டால் யார் பிடிப்பது? பலர் செய்யவில்லை. சேவையை முடித்தவர்களுக்குக் கிடைத்தது 'கருணை விடுவிப்பு' என்ற புதுச் சான்றிதழ். அதுவும் கௌரவமான விடுவிப்பு ஆகாது, சலுகைகளும் வராது. பழைய கறையை அழிக்காமல் அதன் மேல் புது லேபிள் ஒட்டின மாதிரி.

ஃபோர்டை முழுசாகக் குறை சொல்லவும் முடியாது. கருணை வாரியம் ஆயிரக்கணக்கான ஃபைல்களைப் பொறுமையாகப் படித்தது. நிறைய பேருக்கு நேரடியாக மன்னிப்பு கொடுத்தது. அந்த ஃபைல்கள் வழியாகத்தான் டெசர்ட்டர்கள் உண்மையில் யார் என்பதே நாட்டுக்குத் தெரிய வந்தது. கோழைகள், புரட்சிக்காரர்கள் என்று நினைத்த இடத்தில், குடும்பக் கஷ்டத்தில் மூழ்கிய இருபது வயசுப் பையன்கள் இருந்தார்கள். போர் எதிர்ப்பைக் காரணம் காட்டியவர்கள் மிகச் சிலரே.

கார்ட்டரின் ஒரு கையெழுத்து

1976 ஜூலை, நியூயார்க். ஜனநாயகக் கட்சி மாநாடு. 'பார்ன் ஆன் தி ஃபோர்த் ஆஃப் ஜூலை' படம் பார்த்தவர்களுக்கு அதன் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கும். டாம் க்ரூஸ் சக்கர நாற்காலியில் மேடைக்குப் போவார். அது இந்த மாநாடுதான். நிஜத்தில் அன்று நடந்தது இது. லண்டனில் வாழ்ந்த டிராஃப்ட் மறுப்பாளர் ஃப்ரிட்ஸ் ஈஃபா என்பவரைத் துணை அதிபர் பதவிக்கு ஒரு பேச்சுக்கு முன்மொழிந்தார்கள். மேடையில் பேச நேரம் கிடைக்கும் என்பதற்காகச் செய்த உத்தி. முன்மொழிந்தவர் லூயிஸ் ரான்சம், வியட்நாமில் மகனைப் பறிகொடுத்த தாய். வழிமொழிந்தவர் ரான் கோவிக், அதே போரில் மார்புக்குக் கீழே செயலிழந்தவர். மகனை இழந்தவரும் காலை இழந்தவரும் சேர்ந்து, போக மறுத்தவனுக்காகப் பேசினார்கள். போனவன், போகாதவன் என்று நாடு பிரித்து வைத்திருந்த கோடு அந்த மேடையில் கொஞ்ச நேரம் காணாமல் போனது.

அடுத்த மாதம், ஆகஸ்ட் 24. கட்சியின் வேட்பாளர் ஜிம்மி கார்ட்டர் சியாட்டிலில் இன்னொரு முன்னாள் வீரர்கள் மாநாட்டில் பேசினார். அங்கேதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த ரெண்டு வார்த்தைகளைப் பிரித்துக் காட்டினார். ஆம்னெஸ்டி என்றால் நீ செய்தது சரி என்று அர்த்தம், அதை நான் தர மாட்டேன். பார்டன் என்றால், நீ செய்தது சரியோ தப்போ, மன்னித்தாகிவிட்டது என்று அர்த்தம், அதைத் தருவேன். இதுதான் அவர் வாதத்தின் சாரம். கூட்டம் கூச்சலிட்டது. கார்ட்டர் கடற்படை அகாடமியில் படித்தவர், நீர்மூழ்கிக் கப்பலில் இருந்தவர். அப்படியும் விடவில்லை.

ஜெயித்தார். 1977 ஜனவரி 20-ல் பதவியேற்றார். மறுநாள், முதல் முழு வேலை நாளில், கையெழுத்துப் போட்டார். 1964 ஆகஸ்ட் 4-க்கும் 1973 மார்ச் 28-க்கும் நடுவில் டிராஃப்ட் சட்டத்தை மீறிய எல்லோருக்கும் முழுமையான, நிபந்தனையற்ற மன்னிப்பு. வன்முறையில் ஈடுபட்டவர்களுக்கு இது பொருந்தாது. பொதுச் சேவை வேண்டாம், உறுதிமொழி வேண்டாம். நிலுவையில் இருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களும் அமெரிக்காவுக்குள் வரலாம். பெயரே கொடுக்காமல் ஒளிந்திருந்தவன்கூட அன்று காலையில் சுதந்திர மனிதனாக எழுந்திருக்கலாம். ஃபோர்டின் மூன்று கதவுக்குப் பதில், சுவரையே இடித்துவிட்டார்.

எல்லோரும் திரும்பி வரவில்லை. கனடாவுக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. வேலை, மனைவி, குழந்தை, வீடு எல்லாம் அங்கே அமைந்துவிட்டது. அவர்கள் தங்கியது நிர்பந்தத்தால் இல்லை. மன்னிப்பு வந்த பிறகுதான் அது அவர்களுடைய சொந்த முடிவு ஆனது.

சுவருக்கு அந்தப் பக்கம்

இப்போ அந்த ரெண்டாவது வகை. கார்ட்டரின் கையெழுத்தில் டெசர்ட்டர்கள் இல்லை.

அவர்கள் விஷயத்தை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்றார் கார்ட்டர். காரணத்தில் ஒரு நியாயமும் இருக்கு. சீருடை போட்டவன் ஓடினால் அவன் பக்கத்தில் நிற்பவன் உயிர் ஆபத்தில் இருக்கு. எல்லோரையும் ஒரே கோட்டில் மன்னித்தால் அடுத்த போரில் ராணுவம் எப்படி நிற்கும் என்று தளபதிகள் கேட்டார்கள். சாதாரணமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை அது.

ஆனா, 1977 நிலைமையில் அதன் விளைவைப் பாருங்க. கார்ட்டர் அரசு அந்த வருஷம் ஏப்ரலில், கெட்ட சான்றிதழ்களை மறுபரிசீலனை செய்ய ஒரு சிறப்புத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதக் கெடு. ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வந்தவர்கள் கொஞ்சம் பேர். அக்டோபரில் நாடாளுமன்றம் குறுக்கே ஒரு சட்டம் போட்டது. இந்தத் திட்டத்தில் சான்றிதழை மாற்றிக்கொண்டாலும் சலுகைகள் தானாகக் கிடைக்காது, இன்னொரு பரிசீலனை வேண்டும் என்றது.

அதாவது, படித்த பையனுக்கு முதலில் காலேஜ் விலக்கு இருந்தது. அது போனால் டாக்டர் சீட்டு, வக்கீல், கனடா கையேடு. எல்லாம் தவறிச் சட்டத்தை மீறினாலும் பெரும்பாலும் வழக்கு வரவில்லை. வழக்கு வந்தாலும் கடைசியில் அதிபரின் கையெழுத்து காப்பாற்றியது. இந்த எல்லா வலைகளிலும் இடம் கிடைக்காத பையன்தான் சீருடைக்குள் போனான். அவனுக்குப் போரோடு பிரச்சினை சீருடை போட்ட பிறகு வந்தது. அதனாலேயே அவன் 'ரெண்டாவது வகை' ஆனான். யாரை மன்னிக்கலாம், யாரை மன்னிக்கக் கூடாது என்று 1977-ல் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோடு, 18 வயதில் யாருக்குக் காலேஜ் சீட் கிடைத்தது என்ற பழைய கோட்டின் மேலேயே பெருமளவு போய் விழுந்தது. கார்ட்டர் அப்படி நினைத்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ரூல் எழுதுகிறவர் யாரையும் ஒதுக்க நினைக்காமலே ஒரு ரூல் ஒரு கூட்டத்தை ஒதுக்கிவிடும். ஃபில்டர் எழுதிப் பழகியவர்களுக்கு இது தெரியும்.

இந்தக் கதை 1977-ல் முடியவில்லை. போரின் அதிர்ச்சியால் வரும் மன நோயை, இன்று பிடிஎஸ்டி என்கிறோமே, அதை அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் அதிகாரப்பூர்வ கையேட்டில் சேர்த்ததே 1980-ல்தான். வியட்நாமில் இருந்து திரும்பி வந்து, தூக்கம் இல்லாமல், குடித்து, முகாமை விட்டுக் காணாமல் போனவனுக்கு 1971-ல் 'விரும்பத்தகாதவர்' என்றுதான் எழுதினார்கள். என்ன நோய் என்று எழுத அப்போது பெயரே இல்லை. 2014 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை அமைச்சர் சக் ஹேகல் ஒரு உத்தரவு போட்டார். அவரும் வியட்நாமில் சண்டை போட்டவர். பிடிஎஸ்டி காரணமாக இருந்திருக்கலாம் என்ற விண்ணப்பங்களைத் தாராளமாகப் பரிசீலியுங்கள் என்றார். கார்ட்டர் கையெழுத்துப் போட்டு 37 வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பையன்கள் அப்போது அறுபதைத் தாண்டிய தாத்தாக்கள். இப்பவும் ஒவ்வொருவரும் தனித்தனியாகப் படிவம் நிரப்பி, பழைய மருத்துவக் குறிப்புகளைத் தேடி எடுத்து, காத்திருக்க வேண்டும்.

அதனால், இனிமேல் செய்தியில் பொதுமன்னிப்பு என்று கேட்டால் நான் மூன்று கேள்வி கேட்பேன். உங்களுக்கும் பயன்படும். அரசு மறக்கிறதா, இல்லை ஞாபகம் வைத்துக்கொண்டே விடுகிறதா? அதற்குப் பதிலாக என்ன கேட்கிறது: சேவையா, உறுதிமொழியா, மறுபடி துப்பாக்கியா? மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். யார் சும்மா வீட்டில் இருந்தாலே மன்னிப்பு வந்து சேருகிறது, யார் வரிசையில் நின்று விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருக்கிறது?

வியட்நாம் விஷயத்தில் அந்த வரிசை இன்னும் முடியவில்லை.

இந்த எபிசோட் பிடித்திருந்தால் நண்பர்களுக்கு அனுப்புங்க. மாற்றுக் கருத்து இருந்தால், முக்கியமாக டெசர்ட்டர்களை மன்னிக்காதது சரிதான் என்று நினைக்கிறவர்கள், கண்டிப்பாக எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.